நம் ஊர் இரவுக்குத் தார்ப்பாயே போதும்

பள்ளி விடுமுறையில் சாரணர் முகாமுக்கோ, பெரியவர்கள் துணையோடு கேரித் தீவுக்கோ புறப்படுகிறீர்களா? முதுகுப்பையில் கூடாரத்தைத் திணிப்பதற்கு முன் யோசியுங்கள்: அது எந்த ஊர் வானிலைக்காகத் தைக்கப்பட்டது?

மூடிய கூடாரம் குளிர்நாட்டுக்குப் பொருத்தமானது. உடல் வெப்பத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் அது காக்கும். நமக்குத் தேவை அதற்கு நேர்மாறு. கிள்ளான், கோலா லங்காட் கடலோரத்தில் நள்ளிரவிலும் வெப்பநிலை 24, 25 பாகை செல்சியஸ் இருக்கும். ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். தூங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் ஏறக்குறைய ஒரு குவளை நீரை ஆவியாக வெளியேற்றுகிறார். மூவர் படுத்தால் மூன்று குவளை. அந்த ஆவி வெளியேற வழியில்லாமல், இரவில் குளிர்ந்துபோன கூடாரத் துணியில் பட்டு நீர்த்துளியாகிறது. மழையே பெய்யாத விடியற்காலையில் “கூடாரம் ஒழுகுது சார்” என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். ஒழுகியது அவர்கள் விட்ட மூச்சு! வியர்வையும் எளிதில் ஆவியாகாததால் உடம்பு பிசுபிசுக்கும், தூக்கம் வராது.

ஆகவே, நம் தாழ்நிலத்துக்குத் திறந்த தார்ப்பாய்க் கூரையும் அதன் கீழே ஒரு கொசுவலையுமே ஏற்றவை என்பது என் கருத்து. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள மெல்லிய நைலான் தார்ப்பாய் ஒரு கிலோகூட இராது. இருவர் படுக்கும் சாதாரணக் கூடாரம் 2 கிலோவுக்கு மேல். வன்பொருள் கடையில் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் கொஞ்சம் கனம்தான். கட்டிப் பழக அது போதும்.

ஆனால், கட்டும் விதத்தில் கணக்கு இருக்கிறது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். பாயைத் தட்டையாகக் கட்டினால் பரப்பு 9 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழைக்கு அதன் மேல் விழுவது 180 லிட்டர், அதாவது 180 கிலோ. அதில் கால்வாசி நடுவில் தேங்கினாலும் கயிறு அறுந்துவிடும். இரவுச் சந்தையில் கடைக்கார அண்ணன் கம்பால் பாயை முட்டி நீரைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே! அவர் விழித்திருக்கிறார், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். அதனால் நடுவில் கயிறு ஓட்டி, இரு பக்கமும் நன்றாகச் சரியவிடுங்கள். நம் அத்தாப்புக் கூரைகள் சரிவாக இருந்ததும் இதனால்தான். நைலான் நனைந்தால் தளரும். தூங்கப்போகும் முன் ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். கயிறு வழியாக நீர் உள்ளே ஓடிவந்தால், அதில் ஒரு நூல் துண்டைத் தொங்கவிடுங்கள். நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேரித் தீவில் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையைக் கடந்து ‘சுமத்திரா’ என்னும் சூறைக்காற்று மழையோடு வரும். பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னரே வந்துவிடும். பாயின் மேற்குப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டினால் சாரல் அடிக்காது. கடல் ஏற்றம் நாளுக்கு இரண்டு முறை. பெருக்கு நாள்களில் நீர்மட்டம் 4 மீட்டர் வரை மாறும். அலையாத்திக் காட்டோரம் படுக்கவே வேண்டாம். செம்பனை மரத்தடியும் ஆகாது. 20 கிலோ குலை தலையில் விழலாம். எலியைத் தேடி நாகம் வரலாம். தோட்டமோ, மா மெரி பூர்வகுடியினரின் கிராமமோ, அனுமதி கேட்டுத்தான் தங்க வேண்டும்.

திறந்த கூரையில் பாதுகாப்பில்லை என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மறைவு வேண்டும் என்பது, அதிலும் மாணவிகளுக்கு, நியாயமான கவலை. அதற்குப் பக்கத்தில் ஒரு துணியைக் கட்டலாம். பாம்புக்கும் பூரானுக்கும், அடிப்பாகம் தைத்த கொசுவலை போதும். மின்னலுக்கோ இரண்டுமே பயன்படாது. இடி கேட்டால் கட்டடத்துக்கோ வண்டிக்குள்ளோ ஓட வேண்டியதுதான். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கூடாரத்தையே எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குளிருக்கு அதுதான் சரி.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த முகாமில் பள்ளித் திடலில் கூடாரம் ஒன்றும் தார்ப்பாய் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள். இரண்டிலும் ஆளுக்கு இருவர் படுங்கள். இரவு 10 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் வெப்பமானியையும் ஈரமானியையும் பார்த்து எழுதி வையுங்கள். விடிந்ததும், எடை தெரிந்த உலர்ந்த துணியால் உள்பக்கத்தைத் துடைத்து மீண்டும் நிறுங்கள். எந்தத் துணி கனத்தது என்று எனக்கு எழுதுங்கள்.