உப்பின் உறுதியும் மனிதனின் மறதியும்

விளைந்த காலத்தில் சேர்த்து வைத்து, விளையாத காலத்தில் எடுத்து உண்பது உழவர் கண்ட பழைய அறிவு. நெற்குதிரும் பத்தாயமும் நிலவறையும் அவ்வறிவின் அடையாளங்கள். நெல்லைக் குதிரில் இடலாம். காற்றினும் இலேசான எரிவாயுவை எதில் இடுவது? இவ்வினா குளிர்நாட்டாரை நெடுநாள் வாட்டியது. கோடையில் அங்கே எரிவாயுவின் தேவை குறைவு. கடுங்குளிரிலோ வீடுகளைச் சூடேற்றுவதற்கு அது பன்மடங்கு வேண்டப்படுகிறது. அத்துணைப் பெரிய ஏற்றத்தாழ்வைக் குழாய்வழி வரும் வாயு மட்டும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே அவர்கள் மண்ணுக்கு அடியில் களஞ்சியம் தேடினர்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1915ஆம் ஆண்டு, வாயு வற்றிய பழைய வயல் ஒன்றிலேயே மீண்டும் வாயுவைச் செலுத்திச் சேமித்தனர். அடுத்த படியாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேரிஸ்வில்லில் 1961ஆம் ஆண்டு உப்புப் பாறையில் குடைந்த குகையொன்று இயற்கை எரிவாயுவின் இருப்பிடமாயிற்று. அம்முறை இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அதன் நன்மையையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

குகை பிறக்கும் விதம்

25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வற்றிப்போன கடல்கள் விட்டுச் சென்ற உப்பு, பூமியின் ஆழத்தில் தடித்த படுகைகளாக உறங்குகிறது. அப்படுகைக்குள் துளையிட்டு நீரைச் செலுத்தினால் உப்பு கரையும். கரைந்த உப்புநீரை வெளியேற்ற, உள்ளே வெற்றிடம் வளரும். ஒரு கன மீட்டர் இடம் உண்டாக ஏழெட்டு கன மீட்டர் நீர் வேண்டும். மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இவ்வாறு கரைத்துக் கரைத்தே மனிதன் காலடி வைக்காத மாபெருங்கூடம் ஒன்று உருவாகிறது. சில குகைகளின் உயரம் 300 மீட்டரையும் விஞ்சும்.

உப்புப் பாறை வாயுவைக் கசியவிடாது. பேரழுத்தத்தில் அது மெல்ல மெல்ல இளகி நகரும் இயல்புடையது. ஆதலால் சிறு பிளவுகள் தாமே மூடிக்கொள்கின்றன. அதே இயல்பு குகையையும் நாளடைவில் சுருக்கிவிடும் என்பதால், ஒரு பங்கு வாயுவை எடுக்காமல் எப்பொழுதும் உள்ளேயே விட்டு வைப்பர். அது கூரையைத் தாங்கும் காற்றுத் தூண். எஞ்சிய வாயுவை வேண்டும்பொழுது விரைந்து எடுக்கலாம், விரைந்து நிரப்பலாம். வற்றிய வயல்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் இக்கொடுக்கல் வாங்கல், உப்புக் குகையில் ஓராண்டிலேயே பலமுறை நிகழக்கூடும்.

இதன் அருமையை ஐரோப்பா 2022ஆம் ஆண்டில் உணர்ந்தது. உருசியாவிலிருந்து கடலடிக் குழாய்வழி செருமனிக்கு வந்த வாயு அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் நின்றது. அதற்கு முன்பே, நவம்பர் 1ஆம் நாளுக்குள் சேமிப்பிடங்களை 80 விழுக்காடேனும் நிரப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்திருந்தது. செருமனியின் சேமிப்புத் திறனில் பாதிக்கு மேற்பட்டது உப்புக் குகைகளில் உள்ளது. நவம்பர் நடுவில் அந்நாட்டுச் சேமிப்பிடங்கள் ஏறத்தாழ முழுமையாக நிரம்பின. மக்கள் அஞ்சிய குளிர்காலம் பெருந்தட்டுப்பாடின்றிக் கழிந்தது. எனவே இம்முறையையே பழிப்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று.

ஹட்சின்சன் நகரம் சொல்லும் பாடம்

நன்மையைச் சொன்ன நாம் மற்றொரு பக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அமெரிக்காவின் கான்சாசு மாநிலத்தில் ஹட்சின்சன் என்றொரு நகரம் உண்டு. 1887ஆம் ஆண்டு அங்கு உப்புப் படுகை கண்டறியப்பட்டது. அன்றுமுதல் அது உப்பு நகரம் என்றே பெயர் பெற்றது. நகருக்கு ஏறத்தாழ 7 மைல் தொலைவில், உப்புக் குகைகளில் எரிவாயுவைச் சேமித்து வந்தனர்.

2001 சனவரி 17ஆம் நாள் நகரின் நடுவே இரண்டு கடைகள் திடீரென வெடித்துத் தீப்பற்றின. சில மணி நேரத்தில், நகரின் வேறொரு பகுதியில் உப்புநீரும் வாயுவும் கலந்து 30 அடி உயரத்திற்குப் பீறிட்டன. மறுநாள் ஒரு குடியிருப்பில் நிகழ்ந்த வெடிப்பு இருவர் உயிரைப் பறித்தது.

எங்கிருந்து வந்தது இவ்வாயு? குகையின் உப்புச் சுவர் உடையவில்லை. உப்பு தன் கடமையைச் செவ்வனே செய்தது. குகைக்கு இறங்கும் கிணற்றின் எஃகுக் குழாயில், உப்புப் படுகைக்கும் மேலே, ஏறத்தாழ 600 அடி ஆழத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அக்குகைகள் முதலில் புரொப்பேன் வாயுவுக்காக அமைக்கப்பட்டவை. பின்னர் கிணறுகள் அடைக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து வேறு உரிமையாளரால் மீண்டும் துளைத்துத் திறக்கப்பட்டவை. அவ்வாறு திறந்தபோதே குழாய் சேதமுற்றிருக்க வேண்டும் என்பது பின்னர் ஆராய்ந்தோர் கருத்து. ஓட்டை வழியே வெளிப்பட்ட வாயு, பிளவுபட்ட மெல்லிய பாறையடுக்கு ஒன்றில் புகுந்து 7 மைல் தவழ்ந்து நகரின் அடியை அடைந்தது.

நகரின் அடியை அடைந்த வாயு மேலேறியது எவ்வாறு? நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. முன்னொரு காலத்தில் உப்பெடுப்பதற்காக அந்நகரத்தார் தோண்டிய கிணறுகள் பல, முறையாக அடைக்கப்படாமல் கைவிடப்பட்டிருந்தன. அவற்றின்மீது கட்டடங்கள் எழுந்தன, தெருக்கள் போடப்பட்டன. எது எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. மறந்துபோன அக்கிணறுகளே மரணத்திற்கு வாயில்களாயின. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. அந்நகரமோ தனக்கு உப்பிட்ட கிணறுகளையே மறந்துவிட்டது.

செய்யத்தக்கன

ஆகவே நம் கருத்து இது: மண்ணுக்கடியில் ஒன்றை மறைத்து வைப்போர், அதன் நினைவை மண்ணுக்கு மேலே மறையாமல் காக்க வேண்டும். குகையின் உறுதிக்குப் பாறை பொறுப்பேற்கும். நினைவின் உறுதிக்கு மனிதனே பொறுப்பு.

நிறுவனங்கள் தம் கிணறுகளைத் தாமே கவனித்துக்கொள்ளாவோ என்று வினவலாம். நிறுவனத்தின் ஆயுள் சில பத்தாண்டுகள். அது விற்கப்படும், பெயர் மாறும், மூடப்படும். குகையோ அதன் பின்னும் அங்கேயே இருக்கும். ஆதலின் குகையமைக்கும் முன்னரே, சுற்றுவட்டாரத்துப் பழந்துளைகள் அனைத்தையும் தேடிக் கண்டு அடைக்க வேண்டும். அவற்றின் வரைபடம் தனியார் பெட்டியில் அன்றி, எவரும் சென்று பார்க்கத்தக்க பொது அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஹட்சின்சன் துயருக்குப் பின்னர் கான்சாசு மாநிலம் விதிகளைக் கடுமையாக்கியது. உயிர்கள் போன பின் வந்த அவ்விழிப்பு முன்னரே வந்திருக்கலாகாதா?

இயற்கை எரிவாயுவின் காலம் ஒருநாள் முடியலாம். உப்புக் குகைகளின் காலம் அதனோடு முடியாது. இங்கிலாந்தின் டீசைடு பகுதியில் 1972 முதலே ஐதரசன் வாயு உப்புக் குகைகளில் சேமிக்கப்படுகிறது. நம் நாட்டிலும் நிலத்தடிச் சேமிப்பு புதிதன்று. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்றிடங்களில் கடும்பாறையைக் குடைந்து, 53 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய்க்கு இடம் செய்துள்ளனர். பாறையும் பொருளும் வேறாயினும் கடமை ஒன்றே.

இதில் தமிழ் பயில்வோர்க்கு என்ன பங்கு என்று மாணவர் கேட்கலாம். வரைபடமும் எச்சரிக்கையும் எழுதப்படும் மொழி, அந்நிலத்தின் மேல் குடியிருப்போரின் மொழியாக இருத்தல் வேண்டும். பொறியாளருக்கு மட்டும் விளங்கும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே. தம் வீட்டின் அடியில் என்ன இருக்கிறது, ஆபத்து வந்தால் என்ன அறிகுறி தோன்றும், யாரிடம் ஓட வேண்டும் என்பன எழுத்தறிந்த எவரும் படித்தறியும் எளிய தமிழில் எழுதப்பட வேண்டும். கலைச்சொல்லும் தெளிவான உரைநடையும் ஏட்டளவில் நிற்பன அல்ல; உயிர் காக்கும் கருவிகள் அவை. அப்பணிக்குத் தகுதியுடையோரை வளர்ப்பது தமிழ்த் துறைகளின் கடமைகளுள் ஒன்றென நாம் துணிகிறோம்.