மடையை மாற்றும் முன் கேளுங்கள்

திருநகரை ஒட்டிய நிலையூர் கண்மாய் ஆயக்கட்டில் நாற்றுப் பாவும் முன் விவசாயி கேட்பது இரண்டே கேள்வி: 71 அடி வைகை அணையில் இப்போது எத்தனை அடி? கால்வாயில் தண்ணீர் எப்போது வரும்? குறுகிய கால நெல்லை 18 முதல் 22 நாளுக்குள் நட வேண்டும். தண்ணீர் தள்ளிப்போனால் நாற்று முற்றும், தூர் குறையும்.

இந்த விவரங்களை இன்று பலரும் கைப்பேசியில்தான் தேடுகிறோம். 2018-இல் அரசின் உழவன் செயலி வந்தது. நீர்நிலைகளுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களும் இணையதளம் நடத்துகின்றன. அதைப் புதுப்பிக்கிறேன் என்று படங்களை முன்னே வைத்து, நீர்மட்டத்தை நான்கு பக்கம் தள்ளி வைத்தால், ‘பழையதே தேவலை’ என்றுதான் விவசாயி சொல்வார். அதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அது பயன்படுத்துபவரின் கணக்கு.

மதுரையின் தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசன விவசாயிகளை வயலகங்களாகத் திரட்டி, அவர்களோடு சேர்ந்தே கண்மாய்களைச் சீரமைத்தது. இணையதளத்துக்கும் அதுவே வழி. மடையை இடம் மாற்றும் முன் ஆயக்கட்டுக்காரரைக் கேட்கிறோம் அல்லவா? புதிய பக்கத்தையும் வெளியிடும் முன் பத்து விவசாயிகள், ஒரு நீர்பாய்ச்சி கையில் கொடுத்துப் பாருங்கள். நீர்மட்டமும் திறப்புத் தேதியும் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில் இருக்கட்டும்.