புதுக் கணினி வாங்கும் முன் லினக்ஸை வைத்துப் பாருங்கள்

உங்கள் வீட்டில் விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினி இருக்கிறதா? அப்படியானால் இந்தச் சிக்கல் உங்களுக்குப் புதிதல்ல. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்று பார்த்தால், 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்கிறது திரை. கடையில் கேட்டால் புதிய மடிக்கணினியைக் காட்டுகிறார்கள். விலை இரண்டாயிரம் ரிங்கிட்டைத் தொடுகிறது.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் அறிவியல் மதிப்பெண்ணைப் பேசி முடித்ததும் என்னிடம் பலர் கேட்பது இதைத்தான்: "டீச்சர், வேற கணினி வாங்கித்தான் ஆகணுமா?"

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கும் விண்டோஸை அழிக்காமல், அதே கணினியில் லினக்ஸையும் நிறுவுங்கள். நிறுவும் வேலையை வீட்டில் படிவம் 4 படிக்கும் பிள்ளையிடமே கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

முதலில், உங்கள் கணினியிடம் என்ன குறை என்று பார்ப்போம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. 2016இல் வாங்கிய கோர் ஐ5 கணினி ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. அது நேற்று வரை வேகமாக ஓடியிருக்கும், இன்றும் ஓடும். இயந்திரம் கெடவில்லை. பட்டியலில் இடமில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் என்றதும் 'அது கணினி வல்லுநர்களுக்கு' என்று ஒதுங்காதீர்கள். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் எழுதத் தொடங்கிய அந்த நிரலின் வழிவந்ததுதான் உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மிண்ட் என்ற வகையை நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் சிரமமின்றி ஓடும். வன்தட்டில் 20 ஜிபி போதும் என்பார்கள். நான் 60 ஜிபியாவது ஒதுக்கச் சொல்வேன். கட்டணம் எதுவும் இல்லை.

இரண்டு இயங்குதளங்கள் ஒன்றோடொன்று மோதாதா என்று கேட்பீர்கள். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடுவதில்லை. மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற சிறு நிரல். அது வன்தட்டில் உள்ள தொடக்கப் பகுதி ஒன்றைத் திறந்து பார்க்கும். அங்கே விண்டோஸுக்கு ஓர் அடைவு, லினக்ஸுக்கு ஓர் அடைவு. லினக்ஸ் நிறுவப்பட்டதும் கிரப் என்ற பட்டியல் திரையில் வந்து, எதை எழுப்பட்டும் என்று கேட்கும். நீங்கள் தேர்ந்தெடுத்தது எழும், மற்றது உறங்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம், வாசல் மட்டும் பொது. தகராறு வந்தால் பெரும்பாலும் அந்த வாசலில்தான் வரும்.

வேலையைத் தொடங்கும் முன் குடும்பப் படங்கள், பள்ளிக் கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுங்கள். எடுத்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் மேலே படிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் சில மடிக்கணினிகளில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். உங்களுக்கே தெரிந்திருக்காது. தொடக்க அமைப்பில் கை வைத்ததும் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் கோப்பும் இல்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, விண்டோஸின் 'வேகத் தொடக்கம்'. நீங்கள் கணினியை அடைத்துவிட்டதாக நினைப்பீர்கள். உண்மையில் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். தன் நிலையை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடரும். இடையில் லினக்ஸ் போய் விண்டோஸின் கோப்புகளைத் தொட்டால் குழப்பம்தான். அதனால் லினக்ஸ் அந்தப் பகுதியில் எழுத மறுக்கும், படிக்க மட்டும் விடும். 'கோப்பைச் சேமிக்க முடியவில்லை' என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் வேகத் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள்.

பிறகு லினக்ஸ் மிண்ட் கோப்பைப் பதிவிறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு எழுதுங்கள். அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு மாலை முழுக்க அப்படியே பயன்படுத்துங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா? இங்கே சரியாக இருந்தால் நிறுவிய பின்னும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பழைய கணினிகளில் தொடக்கப் பட்டியல் பென்டிரைவின் பெயரை இரண்டு முறை காட்டக்கூடும், ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு. உங்கள் விண்டோஸ் எந்த முறையில் தொடங்குகிறதோ அதே முறையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் கணினித் தகவல் பக்கத்தில் 'பயாஸ் முறை' என்ற வரி அதைச் சொல்லும். முறை மாறினால் இரண்டு இயங்குதளங்களும் ஒரே பட்டியலில் சேராமல் போகும்.

நிறுவும்போது ஒரு திரையில் மட்டும் அவசரப்படக் கூடாது. 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு', 'வன்தட்டை அழித்துவிட்டு நிறுவு' என்ற இரண்டு தெரிவுகள் அங்கே அடுத்தடுத்து நிற்கும். பிள்ளை அதைச் சத்தமாகப் படிக்கட்டும். நீங்களும் ஒரு முறை படியுங்கள். அதன் பிறகு சொடுக்குங்கள்.

நிறுவி முடித்த சில நாளில் ஒரு வேடிக்கை நடக்கும். காலை 7.30க்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் முந்தைய இரவு 11.30 என்று காட்டும். கணினிக்கு வைரஸ் பிடித்துவிட்டது என்று என்னிடம் ஓடிவந்த மாணவர்கள் உண்டு. நடந்தது இதுதான்: கணினிக்குள் பட்டன் மின்கலத்தில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதிவிட்டு, திரையில் காட்டும்போது மலேசியாவுக்கு 8 மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். லினக்ஸ் எழுதியதை விண்டோஸ் அப்படியே நம்பினால் 8 மணி நேரம் பின்தங்கும். உள்ளூர் நேரத்தையே எழுது என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. புவியியல் பாடத்தில் நேர மண்டலம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு நாள் கிரப் பட்டியல் வராமல் கணினி நேராக விண்டோஸுக்குள் போகும். லினக்ஸ் அழிந்துவிடவில்லை. விண்டோஸ் புதுப்பிப்பு சில வேளைகளில் வாசலில் தன்னை முதலில் நிறுத்திக்கொள்ளும். யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய்த் தொடக்க வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பு இதையும் தாண்டிப் போனது. இரண்டு இயங்குதளங்கள் இருந்த பல கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவே விடவில்லை. 'பாதுகாப்பான தொடக்கம்' என்ற அமைப்பைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாளுக்காக அந்தப் பென்டிரைவை அழிக்காமல் மேசை அறையில் போட்டு வையுங்கள்.

விண்டோஸை முழுவதும் தூக்கிவிடலாமே என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். தனியாளுக்கு அது சரி, குடும்பத்துக்குச் சரிவராது. அப்பாவின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. லிப்ரே ஆஃபிஸ் உண்டு, ஆனால் சில ஆவணங்களில் வரிகள் இடம் மாறும். தம்பி விளையாடும் சில இணைய விளையாட்டுகளும் திறக்காது (பெற்றோர் சிலர் இதைக் குறையாகவே நினைப்பதில்லை). ஆகவே விண்டோஸ் இருக்கட்டும். ஆனால் புதுப்பிப்பு நின்ற விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வங்கி, மின்னஞ்சல், டெலிமா, இணையத் தேடல் எல்லாம் லினக்ஸில். அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ், அதுவும் முடிந்தவரை வைஃபையை அணைத்துவிட்டு. வீட்டில் எல்லாரும் இந்தப் பிரிவினைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இவ்வளவு பாடுபட்டும் பாதுகாப்பு என்று எதுவும் மிஞ்சாது.

தமிழில் தட்டச்சு செய்வோரும் தயங்க வேண்டாம். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். எஸ்பிஎம் நெருங்கும்போதோ, நாளை ஒப்படைக்க வேண்டிய இடுபணி கணினிக்குள் இருக்கும்போதோ இதில் கை வைக்கக் கூடாது. பள்ளி விடுமுறையின் முதல் வாரம் நல்ல நேரம். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் யூஇஎஃப்ஐ தொடக்க வரிசையில் விண்டோஸை மேலே கொண்டுவாருங்கள். கணினி நேராக விண்டோஸுக்குள் போகிறது என்று உறுதியான பிறகே லினக்ஸ் இருக்கும் பகுதியை அழியுங்கள். மாற்றிச் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் மட்டும் தனியாக நின்றுகொண்டு, தன் மற்ற கோப்புகள் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்.