எந்த வயதில் காட்டலாம்?

1999 முதல் 2005 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய ‘தேர்ட் வாட்ச்’ தொடரைப் பிள்ளைகள் பார்க்கலாமா? பிற்பகல் 3 மணி முதல் இரவு 11 மணி வரை நியூயார்க் தெருக்களில் வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களின் கதை அது. பத்து வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ரத்தம் மட்டும் காரணமல்ல. குடி, குடும்பச் சண்டை, சட்டத்தை வளைக்கும் போலீஸ்காரர் ஆகியவற்றை எடைபோட அந்த வயது போதாது. பதினான்கு, பதினைந்து வயதினருக்குத் தாராளமாகக் காட்டலாம் என்பேன். நாயகன் சுட்டுத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகும் படங்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்துத்தானே வளர்கிறார்கள்! இங்கே வன்முறைக்கு வலி உண்டு. அந்த வலி சீருடைக்காரர்களின் வீடுவரை வருகிறது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஆலன் பெர்னரோ சிகாகோவில் போலீஸ்காரராக இருந்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, கதையை நிறுத்திவைத்து, நிஜ மீட்புப் பணியாளர்களையே ஒரு பகுதி முழுக்கப் பேசவைத்தார்கள். அந்தப் பகுதியைப் பெற்றோர் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள், பக்கத்தில் யாராவது இருந்தாக வேண்டும்.