தானா வெள்ளம் கோரும் தொட்டி

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. மினியாப்போலிஸ் பக்கம், வெளியே மைனஸ் பதினெட்டு. உள்ளே வரவேற்பறையில் நாலடி நீளத்துக்கு மீன் தொட்டி. அதன் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செடி. மணி பிளாண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, பீஸ் லில்லி வெள்ளையாகப் பூத்திருக்கிறது, கீழே மீன்கள் சுற்றி வருகின்றன. அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றெரிச்சல் அழகில் இல்லை, நண்பர் விட்ட கதையில்.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம் பாஸ். எல்லாம் செல்ஃப் வாட்டரிங். மீன் கழிவு செடிக்கு உரம். செடி தண்ணிய சுத்தம் பண்ணிடும். தண்ணி மாத்தவே வேண்டாம். வீட்டுக்காத்தும் சுத்தமாயிடும்."

கேட்டுக்கொண்டிருந்த மூன்று குடும்பமும் கையில் போனை எடுத்துவிட்டார்கள், ஆர்டர் போட. நண்பர் அதோடு விடவில்லை. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலும் இதே செட்டப் வைக்கப்போகிறாராம். "அப்பாவுக்குப் பொழுது போகும். மத்தபடி அதுவா பாத்துக்கும்."

அதுவா பார்த்துக்கொண்டால் அப்பாவுக்கு எப்படி ஐயா பொழுது போகும்?

அவர் வீட்டு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே சண்டை போட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதற்கு எதிரி இல்லை. என் வீட்டிலும் ஆறு வருஷமாக எழுபத்தைந்து லிட்டர் தொட்டியும் அதன் மேல் ஐந்து செடியும் இருக்கின்றன. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீடு அப்பளம் மாதிரி காய்ந்து போகும். அந்த ஐந்து மாதமும் பச்சையாக எதையாவது பார்க்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நான் எதிர்ப்பது "தானாக" என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். தொட்டியில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தப் பாக்டீரியா போதுமான அளவு வளரவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆர்டர் போட்டுப் பெட்டி வந்த அன்றே மீனை விடுகிறவர்கள் முதல் மாதத்தில் மீனைக் கொல்வது இதனால்தான். நைட்ரேட்டைச் செடி வேர் உறிஞ்சும். தண்ணீருக்குள் மூழ்கிய செடியைவிட, இலை வெளியிலும் வேர் தண்ணீரிலும் உள்ள செடி இதை வேகமாகச் செய்யும். காற்றில் கரியமில வாயு இலைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, தண்ணீருக்குள் அது மிக மெதுவாகத்தான் வந்து சேரும். இவ்வளவும் உண்மை.

இனி, நண்பர் சொல்லாமல் விட்டது.

தொட்டித் தண்ணீர் ஆவியாகும். என் தொட்டியில் ஜனவரி மாதம் வாரத்துக்கு ஏழெட்டு லிட்டர் குறையும். அதை யார் ஊற்றுவது? நான்தான். தண்ணீர்தான் ஆவியாகுமே தவிர அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் ஆவியாகாது. மாற்றாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கடினமாகிக்கொண்டே போகும். ஆக, தண்ணீர் மாற்றத்தான் வேண்டும், கொஞ்சம் தாமதமாக மாற்றலாம் என்பதுதான் லாபம். மீன் தீனியில் செடிக்கு வேண்டிய பொட்டாசியமும் இரும்பும் போதாது, இலை மஞ்சளாகும். மணி பிளாண்ட் வேர் ஃபில்டருக்குள் போய் அடைக்கும், வெட்டிவிட வேண்டும். விழுந்த இலையை அன்றே எடுக்காவிட்டால் அழுகி மறுபடி அம்மோனியா. நர்சரியில் வாங்கிய செடியின் மண்ணைக் கழுவாமல் வைத்தால் அதிலிருக்கும் பூச்சிமருந்து மீனுக்குப் போகும்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. மணி பிளாண்ட், பீஸ் லில்லி, சிங்கோனியம், மான்ஸ்டெரா எல்லாமே நம்மூர் சேம்பு, சேனை குடும்பம்தான். சேம்பைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை எப்படிக் காறும்? அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இந்த இலைகளிலும். தவழுகிற பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் வைக்காதீர்கள்.

வீட்டுக் காற்று சுத்தமாகும் என்பது நாசா 1989ல் மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய கதை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் சமமாகச் செடி காற்றைச் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வேண்டுமாம். அப்புறம் நாம் எங்கே படுப்பது? :-)

சரி, ஒரு ஆள் கதை விட்டதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். கோபத்துக்குக் காரணம் பனச்சமூட்டில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: பனச்சமூடு கேரள எல்லையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். எங்கள் வீடு தமிழ்நாட்டுப் பக்கம், அத்தை வீடு கேரளப் பக்கம். மூடு என்றால் மரத்தடி. செடி கொடிக்குப் பஞ்சமே இல்லாத ஊர். குச்சியை நட்டாலும் துளிர்க்கும்.

2016ல் அங்கே வீடு கட்டினேன். வெளிநாட்டுக்காரன் வீடு என்று தெரிய வேண்டாமா? ஹாலில் ஐந்தடி மீன் தொட்டி, மேலே தானாக நீர் எடுத்துக்கொள்ளும் பெட்டிகள், அதில் மணி பிளாண்ட். தொட்டிக்குள் அழகுக்குக் கபோம்பா என்ற நீர்ச்செடி. கண்ணாடியைச் சுத்தம் செய்ய இரண்டு சக்கர் மீன். எல்லாம் "தானாக" நடக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்:

"தானா வெள்ளம் கோருமா? அப்ப, கரண்டு போனா கோருறது யாரு மக்களே?"

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம், இறைப்பதைக் கோருவது என்போம். நாற்பது வருஷம் கிணற்றில் கோரிய கை அது. நான் சிரித்தேன்.

அடுத்த வருஷம் அம்மாவை ஆறு மாதத்துக்கு இங்கே அழைத்து வந்தேன். வீட்டைப் பூட்டி, சாவியைச் சித்தப்பா மகனிடம் கொடுத்தோம். 2017 நவம்பர் 30, ஓகி புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, மாவட்டம் முழுக்கச் சாவுச்செய்தி. மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் கரண்டு இல்லை. பம்பு நின்றது. தம்பி அப்புறம் போனில் சொன்னான்:

"அண்ணா, மீனெல்லாம் வாயப் பொளந்துட்டு மேல வந்துச்சு. சாவ விட மனசு வரல்ல. மீனு, செடி, எல்லாத்தயும் குளத்துல விட்டுட்டேன்."

அவன் செய்தது இரக்கம். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. தன் வீட்டு ஓடு பறந்து கிடந்த நேரத்தில் என் அலங்காரத் தொட்டியைப் பார்க்க வந்தவன் அவன். குற்றம், பூட்டிய வீட்டில் உயிருள்ள ஒன்றை வைத்துவிட்டு அதற்குத் "தானாக" என்று பேர் வைத்தவன் மேல்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குளத்தில்தான் நான் நீச்சல் படித்தேன். நாலைந்து வீட்டுக்காரர்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள், வாழைக்குத் தண்ணீர் எடுப்பார்கள். இன்று காலை விட்டால் கபோம்பா கணுக்காலைச் சுற்றுகிறது. அதன் தண்டு ஒரு துண்டு கிடந்தால் போதும், அது தனிச்செடியாகிவிடும். இரண்டு தடவை காசு அனுப்பி ஆள் வைத்து வாரினோம். வாரும்போது உடைந்த துண்டெல்லாம் மறுபடி முளைத்தது. சக்கர் மீன் கரையைக் குடைந்து பொந்து போடும் ஜாதி. அதன் முதுகு முள் மாட்டி வலை கிழிகிறது, பிடித்தாலும் யாரும் தின்பதில்லை. மழையில் குளம் நிறைந்தால் தண்ணீர் தோட்டில் இறங்கும். தோட்டுக்கு எது தமிழ்நாடு எது கேரளம் என்று தெரியாது.

பக்கத்து வீட்டு மாமி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "இப்பம் நாங்க பைப்புலயே குளிச்சுக்கிடுவோம் தம்பி" என்றார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

"ஒரு கைப்பிடிச் செடி, ரெண்டு மீன், அதனால என்ன ஆகிடும்?" என்பவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று சொல்லும் மிதக்கும் பாசி ஆப்பிரிக்காவே இல்லை, பிரேசில் செடி. 1939ல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவந்தார்கள், அது வயலையும் குளத்தையும் மூடியது. 1955ல் திருவனந்தபுரத்தில் கண்ணில் பட்டது, பிறகு குட்டநாட்டு வயலையும் படகுப் பாதையையும் அடைத்தது. 1980களில் ஆஸ்திரேலியா வழியாக ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. என் குளத்துக் கபோம்பாவின் சொந்தக்காரன் 2020ல் கோழிக்கோடு பேராம்பிரா பக்கம் ஆவள பாண்டியில் கால்வாய் முழுக்க ரோஜா நிறத்தில் பூத்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படமெடுத்தார்கள். மீன் தொட்டிச் செடி என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ. திருவனந்தபுரம் ஆமயிழஞ்சான் தோட்டில் சக்கர் மீன் குடும்பம் நடத்துகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசான் அரபைமாவே வலையில் மாட்டியது.

அமெரிக்காக்காரன் மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்து பர்ன்ஸ்வில் நகரத்தில் 2021ல் கெல்லர் ஏரியிலிருந்து பந்து மாதிரி கொழுத்த தங்கமீன்களைப் பிடித்துப் படம் போட்டு, "தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள்" என்று நகராட்சியே கெஞ்ச வேண்டி வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே நம் மணி பிளாண்டை வெளியே எறிந்தால் முதல் பனியில் செத்துவிடும். தங்கமீன் மாதிரிக் குளிர் தாங்குகிறவைதான் பிழைக்கும். குளிர்காலம் இங்கே போலீஸ்காரன் வேலை பார்க்கிறது. பனச்சமூட்டில் அந்தப் போலீஸ்காரன் கிடையாது. அங்கே எதுவும் சாகாது. அதனால்தான் இங்கே விளையாட்டாக இருப்பது அங்கே வினையாகிறது.

இனி என்ன செய்யலாம்? தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மீன் தொட்டி வைக்காதீர்கள். அப்பா அம்மா இருக்கும் வீடானால், முதலில் அவர்களைக் கேளுங்கள். ஐந்தடித் தொட்டியைத் தேய்க்கும் முட்டி அவர்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் பெரிய தொட்டி வேண்டாம், வளர்ந்து பெரிதாகும் வெளிநாட்டு மீன் வேண்டாம், தண்ணீருக்குள் வெளிநாட்டுச் செடி வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் செடியே கழிவை உறிஞ்சிக்கொள்ளும். கலைக்கும்போது மீனைக் கடைக்கோ வளர்க்கத் தெரிந்தவருக்கோ கொடுங்கள். செடியை வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். தொட்டித் தண்ணீரை நீர்நிலைப் பக்கம் கொண்டுபோகாமல் தென்னை மூட்டில் கொட்டுங்கள், நல்ல உரம். சாவி யாரிடம் கொடுக்கிறீர்களோ அவரிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை.

இங்கே உங்கள் வீட்டில் வைக்கிறீர்களா, தாராளமாக வையுங்கள். ஆனால் வாரம் அரை மணி நேரம் கையை நனைக்கத் தயாராக இருந்தால் மட்டும். என் மகள் ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் குழாயுமாக வந்து நிற்பாள். அவளுக்கு அதைத் "தானாக நடக்கும்" என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "நம்ம முறை" என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நண்பருக்கு இதை அனுப்பப்போகிறேன். கோபித்துக்கொண்டால் பிரியாணி போச்சு, பரவாயில்லை. மார்த்தாண்டத்தில் அவர் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு குளம் இருக்கிறது, போட்டோவில் பார்த்தேன். இன்னும் நல்ல தண்ணீர்.