கோலத்தில் விழுந்த சொட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஆறே கால் மணி. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அம்மா உள்ளே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மகள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்டார்ட் செய்துவிட்டு ஹெல்மெட் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் கோலத்தின் ஓரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய். மூன்றாவது சொட்டு இன்ஜினுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதுக்குத்தான் சொன்னேன், கடையில விட்டுடுன்னு” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர் அது. மகளுக்கு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் ஹைவேயில் 22 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டி, அப்பா ஓட்டிய பழைய 100 சிசி பைக். அவர் ஓய்வு பெற்றதும் அவளிடம் வந்தது. ‘ஒவ்வொரு தடவையும் கடையில விட்டுட்டு நிக்கணுமா?’ என்று ஞாயிற்றுக்கிழமை அவளே இன்ஜின் ஆயிலை மாற்றினாள். மேலே லேசாக டிக்... டிக்... என்று சத்தம் கேட்டதால், டேப்பெட் மூடிகளைக் கழற்றி இடைவெளியையும் சரிபார்த்தாள். கையெல்லாம் கரியோடு எடுத்த செல்ஃபி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லாரிடமும் பாராட்டு வாங்கியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தாள். ஒரு பிரச்னையும் இல்லை. செவ்வாய் காலையில் இந்தச் சொட்டு.

“கீழே இருக்கிற டிரெயின் போல்ட்டைச் சரியா இறுக்கியிருக்க மாட்டே. நல்லா டைட் பண்ணு” என்றார் அப்பா. சொட்டு தொங்கியதும் அந்த போல்ட்டில்தான். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஸ்பேனரை மாட்டி, முழு பலத்தையும் போட்டு அழுத்தப்போன நேரத்தில் தெருவிலிருந்து ஒரு குரல்.

“பாப்பா, கையை எடு!”

தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய். கடை திறக்கப் போகிற வழி.

இறுக்கினால் நிற்குமா?

பாய் குனிந்து பார்த்தார். “போல்ட்டு இரும்பு. அது போய் உட்கார்ற இடம் அலுமினியம். ரெண்டுக்கும் சண்டை வந்தா யார் தோப்பாங்க? மரை போயிடுச்சுன்னா அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் போகணும்.”

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு இது. ஒழுகினால் இறுக்கு. மறுபடி ஒழுகினால் இன்னும் இறுக்கு. டிரெயின் போல்ட்டில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது பலம் அல்ல, போல்ட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நசுங்கி உட்காருகிற வாஷர். அது செம்பு அல்லது அலுமினியத்தில் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை அதேபோல் அடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றிவிடுவது நல்லது. இறுக்கத்தின் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

“வாஷர் புதுசு போட்டேன் மாமா” என்றாள் மகள்.

“அப்ப அது இல்லாமலும் இருக்கலாம். சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற, பாப்பா. ஓட்டு வீடு ஒழுகுறதைப் பாத்ததில்லையா? ஓடு உடைஞ்சது ஒரு பக்கம் இருக்கும், தண்ணி விழுறது இன்னொரு பக்கம் இருக்கும்.”

இன்ஜினில் எங்கே கசிந்தாலும் எண்ணெய் கீழ்நோக்கித்தான் ஓடும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில் எது எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ, அங்கே போய்ச் சொட்டாகத் தொங்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தாழ்வான இடம் டிரெயின் போல்ட்தான். குற்றம் செய்தவர் மேலே எங்கோ இருக்க, பழி கீழே இருப்பவர் மேல்.

அன்று அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அதற்கும் காரணம் பாய்தான். “எண்ணெய் பின்சக்கரத்துல பட்டா, வளைவுல வண்டி வழுக்கிடும். எங்க ஒழுகுதுன்னு தெரியாம ஹைவேல போகாதே. சாயங்காலம் வா, நாமளே கண்டுபிடிப்போம்.”

முதலில், அது என்ன எண்ணெய்?

சாயங்காலம் பாய் கேட்ட முதல் கேள்வி, “சொட்டு என்ன நிறத்துல இருந்துச்சு?”

காலையில் அவள் போனில் எடுத்திருந்த படம் உதவியது. தேன் நிறம். இரண்டு நாளுக்கு முன் ஊற்றிய புது இன்ஜின் ஆயில் அப்படித்தான் இருக்கும். கறுப்பாக, பிசுபிசுப்பாக, சக்கரத்திலும் செயின் கவர் ஓரத்திலும் தெறித்திருந்தால், அது செயினுக்குப் போட்ட எண்ணெயாக இருக்கலாம். முன்பக்க ஃபோர்க் குழாயில் வளையமாக ஈரம் தெரிந்தால், அது ஃபோர்க் ஆயில். சீக்கிரம் ஆவியாகி, மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் பெட்ரோல். அது கசியும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. கசிவே இல்லாமல் சொட்டுவது. ஆயில் ஊற்றும்போது சிந்தியது, பழைய ஆயிலை வடித்தபோது இடுக்கில் தேங்கியது, டேப்பெட் மூடியைத் திறந்தபோது வழிந்தது. இவையெல்லாம் இன்ஜின் சூடானதும் இளகி ஓடிவரும். பார்த்தவர்கள் ‘லீக்’ என்று பயந்துவிடுவார்கள். உண்மையான கசிவையும் சிந்திய எண்ணெயையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து பார்ப்பதுதான்.

கழுவு, காயவை, பவுடர் போடு

இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, இன்ஜினை மேலிருந்து கீழாகத் தேய்த்தாள் மகள். இடுக்குகளில் இரண்டு நாள் எண்ணெயோடு இரண்டு வருட மண்ணும் வந்தது. பனியன் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டாள். இந்த வேலைக்குப் பெட்ரோலைத் தொடவே கூடாது, ஒரு பொறி போதும். பக்கத்தில் அடுப்போ, விளக்கோ இருக்கக் கூடாது.

“இப்ப கொஞ்சம் பவுடர் கொண்டா” என்றார் பாய்.

அப்பா எழுந்து போய்க் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். பாய் சிரித்துவிட்டார். “சார், அது கல்லு மாவு. இன்ஜினுக்குள்ள ஒரு சிட்டிகை போனாலும் உப்புக் காகிதம் மாதிரி தேய்ச்சிடும். மூஞ்சிக்குப் போடுற பவுடர் போதும்.”

சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் டால்கம் பவுடரைப் பஞ்சில் எடுத்து லேசாக ஒற்றினார்கள். டேப்பெட் மூடிகளைச் சுற்றி, சிலிண்டர் பேக்கிங் ஓரத்தில், கிளட்ச் பக்க மூடியில், கியர் லீவர் வெளியே வரும் இடத்தில், டிரெயின் போல்ட்டைச் சுற்றி. பிரேக்கிலும் ஏர் ஃபில்டர் பக்கத்திலும் பவுடர் படாமல் பார்த்துக்கொண்டார்கள். வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார்கள். சொட்டு விழுந்தால், இன்ஜினில் எந்த இடத்துக்கு நேர் கீழே என்று அட்டை சொல்லிவிடும்.

திறந்த வாசலில், சென்டர் ஸ்டாண்டில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டாள். மூடிய ஷெட்டில் இதைச் செய்யக் கூடாது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். ஓடும் செயின் பக்கம் விரலோ துணியோ போகக் கூடாது. பிறகு தெருவை மெதுவாக இரண்டு சுற்று சுற்றி வந்து நிறுத்தினாள். காற்று இழுத்துக்கொண்டு போகும் பாதை நின்றபடி ஓடும் இன்ஜினில் தெரியாது, அதற்குத்தான் இந்தச் சுற்று.

அப்பா டார்ச் அடித்தார். கண் போகாத இடத்துக்குப் போனின் கேமரா போனது.

டிரெயின் போல்ட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாக, காய்ந்தபடியே இருந்தது.

ஈரத்தின் உச்சி

“நனைஞ்ச இடத்துல எது உயரமா, எது முன்னால இருக்குன்னு தேடு” என்றார் பாய்.

அந்த வண்டியில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்தபடி முன்னோக்கி நீண்டிருக்கும். அதன் தலைப்பகுதியில் மேலே ஒரு டேப்பெட் மூடி, கீழே ஒரு டேப்பெட் மூடி. கீழ் மூடியின் விளிம்பில் பவுடர் கரைந்து, நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு. அங்கிருந்து சிலிண்டரின் அடிப்பகுதி வழியாகப் பின்னால் நெளிந்து போயிருந்தது. திங்கட்கிழமை 44 கிலோமீட்டர் ஓடியதில் அந்தக் கோடு டிரெயின் போல்ட் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கழற்றி மாட்டிய மூடிதான் அது.

மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த ரப்பர் ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, ஒரு பக்கம் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. பல வருடச் சூட்டில் இறுகிப்போன ரப்பர். அசைக்காமல் விட்டிருந்தால் அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நாள் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். கழற்றி மறுபடி மாட்டியபோது பழைய வடிவத்துக்குள் அது போகவில்லை.

“அப்ப தப்பு என்னுதுதானா?” என்று கேட்டாள் மகள்.

“ஆமா. ஆனா நீ நினைச்ச தப்பு இல்லை” என்றார் பாய். “தப்பா நினைச்ச இடத்துல போய் போல்ட்டை இறுக்கி உடைச்சிருந்தா, இந்த ஓ-ரிங்கும் ஒழுகிட்டேதான் இருந்திருக்கும். ஒண்ணுக்கு ரெண்டா ஆகியிருக்கும்.”

அளவு பார்த்துப் புது ஓ-ரிங் இரண்டு வாங்கி, பள்ளத்தைத் துடைத்து, ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் உட்காரவைத்து, மூடியை அளவோடு இறுக்கினாள். மேல் மூடிக்கும் அப்படியே. ஒன்று விறைத்திருந்தால் அதே வயதுள்ள இன்னொன்றும் விறைத்திருக்கும்.

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு...

* கழற்றும் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு ஓ-ரிங்கோ, வாஷரோ, பேக்கிங்கோ இருக்கும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது.

* ஆயில் ஃபில்டர் உள்ள வண்டிகளில், பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன் மேல் புதியது உட்கார்ந்தால் நிச்சயம் ஒழுகும். விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

* அதிகம் ஊற்றினாலும் வெளியே வரும். உபரி ஆயில் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வடியும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவு தவறாகத் தெரியும். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்கிறபடி செய்ய வேண்டும்.

* கசிவு நின்றதும் அளவு பார்த்து, குறைந்ததை அதே ரக ஆயிலால் நிரப்ப வேண்டும். சிறிய பைக் இன்ஜினில் இருப்பதே ஒரு லிட்டரை ஒட்டிய ஆயில்தான், கொஞ்சம் குறைந்தாலும் அது பெரிய பங்கு. கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் பைக்குகளுக்கு, டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

* பின்சக்கரத்திலோ பிரேக்கிலோ எண்ணெய் பட்டிருந்தால் ஓட்டக் கூடாது. டயரைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, முதலில் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்குக்குள் போயிருந்தால் மெக்கானிக்தான்.

* வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் மேலாண்மை விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைக்கலாம்.

கியர் லீவர் பக்கமோ, முன் செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னாலோ கசிந்தால் அது பெரும்பாலும் ஆயில் சீல். சிலிண்டர் பேக்கிங்கில் கசிந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். டிரெயின் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போயிருக்கிறது என்று அர்த்தம். இவை மூன்றும் வீட்டு வேலை அல்ல. ஆனால் எங்கே கசிகிறது என்று பவுடர் போட்டுப் பார்த்துவிட்டுப் போனால், கடையில் தேவையில்லாததைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.

புதன்கிழமை மாலை மறுபடி பவுடர், மறுபடி தெருவில் இரண்டு சுற்று, மறுபடி டார்ச். கீழ் மூடி வெள்ளையாகவே இருந்தது. இரவு முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்த அட்டையிலும் ஒரு பொட்டு இல்லை.

வியாழக்கிழமை காலை அம்மா கோலத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தார். மகள் அதைப் பார்த்துவிட்டு, “இன்னும் நம்பிக்கை வரலையாம்மா?” என்றாள்.

“வண்டி மேல நம்பிக்கை இருக்குடி. நீ அடுத்து எதைக் கழட்டுவியோன்னுதான்!”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “அடுத்த தடவை கழட்டும்போது என்னையும் கூப்பிடு. டார்ச் பிடிக்க ஆள் வேணும்ல?”