மாலுமிகளை மறக்கலாமா?



ஹோர்முஸ் நீரிணைக் கப்பல் பிடிப்புகள் பற்றிய தங்கள் தலையங்கம் எண்ணெய் விலையை விரிவாக அலசியது. கப்பலில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வேதனை அளிக்கிறது.

2019 ஜூலை 4இல் ஈரானிய எண்ணெய் ஏற்றிவந்த 'கிரேஸ் 1' கப்பலை பிரிட்டன் வசமுள்ள ஜிப்ரால்டர் தடுத்து வைத்தது. ஜூலை 19இல் பிரிட்டன் கொடியுடன் சென்ற 'ஸ்டெனா இம்பெரோ'வை ஈரான் பிடித்தது. தகராறு லண்டனுக்கும் டெஹ்ரானுக்கும் இடையே; ஆனால், ஈரான் பிடித்த கப்பலில் இருந்த 23 பேரில் 18 பேர் இந்தியர்கள். 2024 ஏப்ரலில் ஈரானிடம் பிடிபட்ட 'எம்எஸ்சி ஏரீஸ்' கப்பலிலும் 25 பேரில் 17 பேர் நம்மவர்களே.

என் கணவரின் சரக்குக் கப்பலும் ஒருமுறை அயல்நாட்டுத் துறைமுகத்தில் முடக்கப்பட்டது. வேலைக்கு அனுப்பிய முகவரோ, "முதலாளியிடம் கேளுங்கள்" என்று போனை வைத்துவிட்டார். சம்பளம் நின்றது, வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை.

கடற்கொள்ளையரிடம் சிக்கியவருக்குச் சம்பளம் தொடர வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அரசுகள் சிறைபிடித்தாலும் அதே பாதுகாப்பு கிடைக்க இந்தியா வலியுறுத்த வேண்டும். குடும்பங்களுக்குத் தகவல் சொல்ல, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகாரியை நியமிக்கட்டும்.

— ஒரு மாலுமியின் மனைவி, தூத்துக்குடி